என் வீட்டுக்கு நாலு பூட்டுப் போட்ட மகனுக்கு

மகன்,

நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணித்தியாலம் மூச்சு விடாமல் எனக்குப் புத்தி சொன்ன ஒருவனுக்கு உடம்பில் எந்தக் குறையும் இருக்க நியாயமில்லை. நான் நாலு தரம் "மகன், ஒரு நிமிஷம்" என்றேன். நாலு தரமும் நீ "அம்மா, முதல்ல நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாய். ஆகவேதான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியை வாசித்து, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால் கையால் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். இந்த உறைக்குள் இன்னொரு பழைய கடிதமும் இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. நான் சொல்லும் இடத்தில் பிரி. சின்ன வயதில் ஒருநாளும் சொல்வழி கேட்கவில்லை, இந்த ஒருமுறையாவது கேள்.

முதலில் வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லத்தான் நீ என்னை விடவில்லை. காலை பதினொரு மணி. வாசல் மணி அடித்தது. மடிப்புக் கலையாத சட்டையும் கையில் அளவு நாடாவுமாக ஒருவன் நின்றான். "அன்ரி, உங்கட மகன் மெல்பேர்ன்ல இருந்து கதைச்சவர். ஹோலையும் ரெண்டு ரூமையும் ஒருக்கா அளந்து ஃபோட்டோ எடுக்கச் சொன்னவர்" என்றான். எதற்கு என்று கேட்டேன். "விக்கத்தானே அன்ரி" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்று அவனே பயந்துபோனான். என் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்பதை எனக்கு ஒரு தரகன் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது, மகன். அவனில் பிழையில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். அளக்க விடவில்லை. அதன்பிறகு நான் உன்னிடம் விளக்கம் கேட்க எடுத்தால், நீ எனக்கு விளக்கம் சொல்கிறாய்: "அம்மா, நீங்க இனித் தனிய இருக்க ஏலாது. மூண்டு தரம் திறப்பைத் துலைச்சிட்டீங்கள். இப்ப பல்கனியில இருந்து பூட்டு உடைக்கிறீங்களாம். மாலதி அன்ரி எல்லாம் சொன்னவ." அடுத்த மாதம் வருகிறாயாம். வரும்போது ஒரு பத்திரம் கொண்டு வருகிறாயாம். அதில் நான் கையெழுத்து வைத்தால், பிறகு என் பெயரில் எல்லாவற்றுக்கும் நீயே கையெழுத்து வைக்கலாமாம். எனக்கு உன் வீட்டுப் பின்வளவில் தனி அறை தயாராம்.

நான் பூட்டு உடைக்கவில்லை. உடைப்பது வேறு, திறப்பது வேறு. பக்கத்து வீட்டு மாலதிக்கு அந்த வித்தியாசம் விளங்காது, சரி. நீ படித்தவன்.

இந்தப் பூட்டு விவகாரத்தை என் வீட்டுக்குள் கொண்டு வந்ததே நீதான் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஞாபகமறதி எனக்கு மட்டுமா? இரண்டு வருடத்துக்கு முன் வந்து நின்ற பன்னிரண்டு நாளில், என்னோடு உட்கார்ந்து ஒரு நேரம் ஆறுதலாகச் சாப்பிட்டாயா? துரப்பணத்தையும் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாய். வாசல் இரும்புக் கதவுக்கு ஓர் ஆமைப்பூட்டு. பல்கனிக் கதவுக்கு ஒன்று. காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் கம்பிக்கூட்டுக்கு ஒன்று. கீழே தபால் பெட்டிக்கு ஒன்று. நாலு பூட்டு, நாலு திறப்பு, நாலு நிறத் தொப்பி. சிவப்பு வாசலுக்கு, நீலம் பல்கனிக்கு என்று எனக்கு வகுப்பு எடுத்தாய். வாசல் பூட்டைக் கையில் நிறுத்துப் பார்த்து, "அம்மா, இதுக்குள்ள செக்யூரிட்டி பின் இருக்கு, எந்தக் கள்ளனாலும் திறக்க ஏலாது" என்றாய். வெள்ளவத்தையில் இந்த மாடிக்குக் குடிவந்து பதினெட்டு வருடத்தில் என் வாசலுக்கு ஒரு கள்ளனும் வந்ததில்லை. ஆனால் உன் பூட்டு வந்த மூன்றாம் மாதமே நான் வெளியே நின்றேன்.

அன்றைக்குச் சந்தையில் நல்ல பாரை மீன் வந்திருந்தது. வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து பையைத் துழாவினால் திறப்புக் கொத்து இல்லை. நூற்றொன்றாம் நம்பர் பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது விழுந்திருக்க வேண்டும். காலி வீதியில் குடைக்குக் கீழே இருந்து திறப்பு வெட்டும் பாரூக் நானாவைக் கூப்பிட்டு வந்தேன். அவர் கம்பிகளைப் போட்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டார். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, இது லேசுப்பட்ட சாமான் இல்ல. உள்ளுக்கு வேற மாதிரி ஊசி போட்டிருக்கான். நம்ம கம்பிக்கு அடங்காது, வெட்டத்தான் வேணும்" என்றார். நான் தாதி வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகியும் அந்த வீதியில் எல்லாருக்கும் இன்னும் மிஸ்ஸிதான். பிறகு மெஷின் வந்தது. சத்தமும் நெருப்புப் பொறியுமாக வளையத்தை வெட்டினார். மாடியில் உள்ள எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்து வீட்டில் ஒரு திறப்பைக் கொடுத்து வைத்திருக்கலாம் என்றார். இன்னொருவர் வயது போனால் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். கீழேயிருந்து வந்த காவலாளி "அனே மிஸ்ஸி" என்று தலையில் கைவைத்தான். முப்பத்தொரு வருடம் வார்டில் நின்று, இரத்தம் கண்டு மயங்கி விழுந்த பெரிய பெரிய ஆம்பிளைகளைத் தூக்கி நிறுத்தியவள், மீன் பையோடு நடைபாதையில் நின்று அறிவுரை கேட்டேன். மீனும் பழுதாய்ப் போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாரூக் நானாவையே பிடித்துக்கொண்டேன். ஏன் திறக்க முடியவில்லை, அதைச் சொல்லும் என்றேன். அவர் மீன் சுற்றிய கடதாசியிலேயே கீறிக் காட்டினார். பூட்டுக்குள் ஆறு ஊசி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே சின்ன வில். சரியான திறப்பைப் போட்டால் ஆறும் தன் தன் உயரத்துக்கு எழும்பும், உருளை சுழலும். திறப்பு இல்லாதவர், ஒரு வளைந்த கம்பியால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கலாம். ஆனால் உன் பூட்டில் இருந்த ஊசிகள் நூல்கட்டை மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கியவை. தூக்கும்போது உருளை கொஞ்சம் சுழலும். திறந்துவிட்டது என்று தோன்றும். திறந்திருக்காது. அந்த ஒடுங்கிய இடுப்பில் சிக்கிக்கொண்டு நிற்கும். "இதப் பழகணுமெண்டா பொறும வேணும் மிஸ்ஸி. உங்களுக்கு எதுக்கு அந்தத் தலவலி?" என்றார். எதுக்கு என்று கேட்டதுதான் பிழை. அறுபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். எதுக்கு வெளியே போறீங்கள், எதுக்குத் தனிய இருக்கிறீங்கள், எதுக்கு ஏணியில ஏறுறீங்கள். வெட்டிய பூட்டை எறிந்துவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். வளையம்தான் போயிருந்தது, உடம்பு முழுதாக இருந்தது.

இணையத்தில் பார்த்தால் உலகம் முழுக்க இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முத்திரை சேர்ப்பவர்கள் இல்லையா, அதுபோல. யாரையும் கொள்ளையடிக்க அல்ல. அவர்களுக்கு இரண்டே சட்டம். உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. கதவில் தொங்கி, பாவனையில் இருக்கும் பூட்டைத் தொடாதே. ஒரு சின்னப் பையில் கொக்கிகளும் வளைகம்பிகளும் தபாலில் வரவழைத்தேன். ஹார்ட்வெயார் கடையில் மலிவான ஆமைப்பூட்டு இரண்டு வாங்கினேன். பிடித்துப் பிடித்து விரல் நொந்ததால் பூட்டுக்குக் கிரேப் பாண்டேஜ் சுற்றினேன். மலிவுப் பூட்டு ஐந்தாம் நாளே திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் உன் பூட்டை எடுத்தேன். அதோடு என் நிம்மதி போனது.

ஏழு கிழமை, மகன். ஒவ்வொரு நாளும் காலையில் பல்கனியில் கதிரையைப் போட்டு உட்காருவேன். ஊசிகள் ஒவ்வொன்றாக எழும்பும். உருளை அரை நெல்லளவு சுழலும். அவ்வளவுதான், அங்கேயே நிற்கும். நான் இன்னும் அழுத்துவேன். அசையாது. இன்னும் அழுத்துவேன். கொக்கி வளைந்துவிடும். இரண்டு கொக்கி முறிந்தது. ஒருநாள் பூட்டைத் தூக்கி எறிந்ததில் துளசிச் சட்டி உடைந்தது. மாலதி பார்த்தது அந்த நாளைத்தான். வீடியோவில் ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னான், அந்த நிலையில் அழுத்தக் கூடாது, தளர்த்த வேண்டும் என்று. உருளையைக் கொஞ்சம் பின்னால் போக விட வேண்டும். அப்போதுதான் இடுப்பில் சிக்கிய ஊசி விடுபட்டு மேலே போகும். அப்படி விடும்போது ஏற்கெனவே சரியாக நின்ற ஊசி ஒன்றிரண்டு கீழே விழலாம், விழுந்தால் திரும்பவும் தூக்கு என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. கிட்டத்தட்டத் திறந்ததை யாராவது கையை விடுவார்களா? ஆனால் யோசித்துப் பார்த்தால் இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நரம்பு பிடிக்காத நோயாளியிடம் ஊசியை வைத்துக்கொண்டு அழுத்தினால் நரம்பு நழுவித்தான் போகும். புதிதாக வந்த எத்தனை தாதிகளை நான் அதற்காக ஏசியிருக்கிறேன். இதை வைத்து உனக்கு உபதேசம் செய்யப்போகிறேன் என்று நினைக்காதே. பூட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

திறந்த அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அடுப்பில் பருப்பு. உருளை வழக்கம்போல அரை நெல்லளவு சுழன்று நின்றது. நான் கையைத் தளர்த்தினேன். உருளை என் விரலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. விட்டேன். ஒன்று விழுந்தது, திரும்பவும் தூக்கினேன். சட்டென்று முழுச் சுற்றும் சுழன்று, வெட்டுப்பட்ட வளையத்துண்டு துள்ளி என் மடியில் விழுந்தது. நான் கத்தின கத்தில் காகம் பறந்தது. சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்பா இருந்திருந்தால் இரண்டு நாளைக்குப் போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லியிருப்பார். உனக்குத்தான் எடுத்தேன். "மகன், பூட்டுத் திறந்துட்டுது!" என்றேன். நீ பதறிப்போய், "ஆர் திறந்தது? கள்ளரா? பொலிசுக்கு அடிச்சீங்களா?" என்றாய். நான்தான் திறந்தேன் என்றேன். நீ சின்னப் பிள்ளையோடு பேசும் குரலில், "அம்மா, நாங்கள் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமா?" என்றாய். ஏழு கிழமைப் பாடுபட்டு உன்னுடைய திறக்க முடியாத பூட்டைத் திறந்த அம்மாவுக்கு நீ தந்த பரிசு அது. அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ கேட்கமாட்டாய்.

சரி, அந்த மூன்று திறப்புக் கணக்குக்கு வருகிறேன். முதலாவது பஸ்ஸில் விழுந்தது, சொன்னேன். மூன்றாவது உள்ளே மேசையில் இருந்தது, நான் கதவைச் சாத்திப் பூட்டை அழுத்திவிட்டேன். அது உன் மனைவிக்கும் நடந்திருக்கிறது, அவளை யாரும் டொக்டரிடம் கூட்டிப் போகவில்லை. இரண்டாவதைப் பற்றி நான் உனக்குப் பொய் சொன்னேன். தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. கையில்தான் இருந்தது. வெட்டிய பூட்டுக்குப் பதிலாக வாங்கியதன் திறப்புக்கும் சிவப்புத் தொப்பிதான் மாட்டியிருந்தேன், மற்ற மூன்றும் வீட்டில் இருந்த மாற்றுத் திறப்புகள். வாசலில் நின்று நாலு நிறத்தையும் பார்த்தேன். எது வாசலுக்கு என்று வரவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிற எண்ணம்கூட வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மாலதி வந்து "என்ன மிஸ்ஸி, திறப்பைக் காணேல்லையா?" என்று கேட்டாள். ஓம், தொலைச்சிட்டன் என்று சொல்லிவிட்டேன். தொலைத்தவள் என்ற பெயர் பரவாயில்லை என்று தோன்றியது. அன்றைக்கு நான் பயந்ததைப் போல வாழ்க்கையில் பயந்ததில்லை. உன் பூட்டை ஏழு கிழமை விடாமல் பிடித்ததற்கு ஆத்திரம் மட்டும் காரணமில்லை. இந்தத் தலையாலும் இந்தக் கையாலும் இன்னும் புதிதாக ஒன்றைப் படிக்க முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

டொக்டரிடமும் போனேன். நீ சொல்வதற்கு முன்பே, தனியாக. உன் வயதில் ஒரு டொக்டர் பிள்ளை. மணிக்கூடு கீறச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். ஐந்து சொல் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள். நாலு சொன்னேன். ஐந்தாவது வரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். "வயசுக்கு இது காணும் மிஸ்ஸி. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கோ, பார்த்துக்கொண்டு போவம்" என்றாள். அடுத்த முறை நீ இங்கே நின்றால் நீயும் கூட வா. ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒருநாள் உண்மையிலேயே முடியாமல் போனால் நானே சொல்வேன். நான் மறந்துவிட்டாலும் மாலதி சொல்வாள், அவளுக்கு வாயை அடக்கத் தெரியாது.

இனி நான் எழுதத் தயங்கியது. முதல் சட்டத்தைச் சொன்னேனே, சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே என்று. அதை முதன்முதலில் வாசித்த அன்று நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். கொட்டாஞ்சேனையில் நாம் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த காலம் நினைவிருக்கும். நீ ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாய். உன் மேசை இழுப்பறைக்குச் சின்னதாக ஓர் ஆமைப்பூட்டு வாங்கிப் போட்டாய். சண்டை நடந்த அந்த நாட்களில் தமிழ்ப் பெடியன் இருக்கும் வீட்டில் பூட்டிய இழுப்பறை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். பின்வீட்டுக்குப் பொலிஸ் சோதனைக்கு வந்தபோது ஒரு பெட்டிக்குத் திறப்பு இல்லை என்றதற்காக அந்த வீட்டுப் பெடியனை இரண்டு நாள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவன் அம்மாவின் சேலைதான் இருந்தது. நீ ரியூசனுக்குப் போன நேரம் நான் ஒரு திறப்பு வெட்டும் ஆளைக் கூட்டி வந்து உன் இழுப்பறையைத் திறந்தேன். பொலிஸ் திறப்பதற்கு முன் நான் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உள்ளே பயப்பட ஒன்றும் இல்லை. கப்பல் கம்பனி ஒன்றின் கடிதம் இருந்தது. நேர்முகத்தில் தேறிவிட்டாய், வைத்தியச் சோதனையும் சரி, பயிற்சிக்கு வரும் திகதி தபாலில் வரும் என்று இருந்தது. எங்களுக்குச் சொல்லாமல் கப்பலுக்கு விண்ணப்பித்திருக்கிறாய். நான் எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துப் பூட்டிவிட்டேன். அதோடு விட்டிருந்தால் அது ஒரு பிழை. நான் விடவில்லை. இரண்டு கிழமையில் அந்தத் திகதிக் கடிதம் வந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் வாங்கி, என் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். நீ ஒரு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும் போதெல்லாம் படி இறங்கி ஓடினாய். "அம்மா, எனக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்பாய். இல்லை மகன் என்பேன். கடைசியில் நீ கோட்டையில் இருந்த அந்தக் கம்பனிக் கந்தோருக்கு நேரே போய்க் கேட்க, கடிதம் அனுப்பினோமே, நீ வராததால் இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது என்றார்கள். வந்து அந்தத் தபால்காரரைப் படியில் மறித்து நீ போட்ட சண்டை எனக்கு மறக்காது. பாவம், அந்த மனிதர் அதன்பிறகு நம் வாசலில் நின்று ஒருநாளும் சிரித்ததில்லை. நான் குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கடிதத்தைப் பிரி.

அப்பாவுக்கும் தெரியாது. துறைமுகத்தில் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் ஏறும் கப்பலுக்குச் சாமான் எண்ணிக் கணக்கெழுதிய மனிதர். மகன் கப்பலில் போகிறான் என்றால் தலைகால் தெரியாமல் ஆடியிருப்பார். அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் எடுத்தேன், அவர் அது தெரியாமலே போய்விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் "ஒரு பொய் சொன்னேன்" என்று மட்டும் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரத்தோடு தப்பிக்கொண்டேன். எந்தப் பொய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ கணக்கியல் படித்தாய், பாஸ் பண்ணினாய், ஒருநாளும் அந்த வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் வாயிலிருந்து அலுப்பு வரும் போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று குத்தும். இதில் இன்னுமொரு கொடுமை. நீ கண் காணாத கடலுக்குப் போய்விடுவாய், ஒன்பது மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாய் என்று பயந்து அல்லவா அதைச் செய்தேன்? இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறாய். வந்தும் பூட்டுப் போடுகிறாய்.

எனக்கு அப்போது அது பயம் என்று தெரியவில்லை. அன்பு என்றுதான் நினைத்தேன். நல்லதுக்குத்தானே, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதனால்தான் நீ அனுப்பிய அந்தத் தரகன் அளவு நாடாவோடு வாசலில் நின்றபோது எனக்கு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. உனக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்படியே தெரியும். அம்மாவுக்கு என்ன தெரியும், நல்லதுக்குத்தானே, கேட்டால் வேண்டாம் என்பா, கேட்காமல் முடித்துவிடுவோம். நான் செய்ததையேதான் செய்கிறாய், மகன், என்னைவிடச் சுத்தமாக, பத்திரத்தோடு. என் மேல் உனக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்கறை இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். அக்கறை இல்லாதவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

நீ இப்போது கோபப்படுவாய். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும். அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நான் உன் கடிதத்தை எடுத்தது பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு வட்டியாக என் வீட்டை எடுத்துக்கொள்ளும் உரிமை உனக்கு வந்துவிடாது. ஒரு புத்திமதியும் சொல்கிறேன், வேண்டுமென்றால் எடு. உன் மகளுக்குப் பதினாலு வயது. அவள் எதையாவது பூட்டி வைக்கத் தொடங்குவாள். பயமாக இருந்தால் அவளிடமே போய்ப் பயமாக இருக்கிறது என்று சொல். எனக்கு அந்த ஒரு வசனம் சொல்ல இருபத்திரண்டு வருடம் எடுத்தது.

அடுத்த மாதம் வா. பத்திரம் கொண்டு வராதே, கொண்டு வந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். தரகனிடம் வேலை முடிந்தது என்று நீயே சொல், அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் மூன்று மாடி ஏற வைக்காதே. நீ போட்ட மற்ற மூன்று பூட்டையும் பாரூக் நானாவைக் கொண்டு கழற்றிவிட்டேன். பாவனையில் இருக்கும் பூட்டு, அதனால் நான் தொடவில்லை. வாசலுக்கு என் கைக்கு இசைந்த ஒரே ஒரு பூட்டு. ஒரு திறப்பு என்னிடம், ஒன்று மாலதியிடம், அவளிடம் நானேதான் கேட்டுக் கொடுத்தேன். உன்னிடம் இருக்கும் கொத்து இனி இந்த வீட்டில் எதற்கும் சரி வராது. விமான நிலையத்திலிருந்து நேரே வந்து வாசலில் நின்று மணியை அடி. முழங்கால் நோவால் எழும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்காகக் கதவைப் போட்டு இடிக்காதே, மாலதிக்குப் போன் எடுக்காதே. ஒரு தரம் அடித்தால் போதும். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

அம்மா